சொந்தச் செலவில் போட்ட புத்தகத்தை முகவரிடம் சொல்ல வேண்டுமா?

சென்ற கூட்டத்தின் முடிவில் ஓர் அன்பர் கேட்ட கேள்விக்கு இன்று பதில் சொல்ல விரும்புகிறேன். தமிழில் சொந்தச் செலவில் புத்தகம் போட்ட ஒருவர், லண்டனில் இலக்கிய முகவரை அணுகும்போது அதைச் சொல்ல வேண்டுமா?

நான் சொல்லாமல் விட்டவன். நாவலை 300 பிரதிகள் அச்சிட்டு, ஈஸ்ட்ஹாமில் ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா வைத்து, மிச்சப் பிரதிகளைக் கட்டிலுக்குக் கீழே அடுக்கியிருந்தேன். நண்பர் ஒருவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை முகவருக்கு அனுப்பியபோது, கடிதத்தில் இதை எழுத வெட்கமாக இருந்தது. முதல் அத்தியாயங்களைப் படித்த முகவர் முழுப் பிரதியையும் கேட்டார். பிறகு தொலைபேசியில், "இது ஏற்கனவே வெளிவந்த நூலாமே, ஏன் சொல்லவில்லை?" என்றார். ஐ.எஸ்.பி.என். எண்ணோடு இணையத்தில் கிடந்திருக்கிறது. விளக்கம் சொன்னேன். ஆனாலும் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

வெட்கப்பட என்ன இருந்தது? உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பலரிடம் கையொப்பம் வாங்கிப் பணம் திரட்டித்தான் பதிப்பித்தார். இதே லண்டன் ரிச்மண்டில், வர்ஜீனியா வுல்ஃபும் அவர் கணவரும் 1917இல் வீட்டிலேயே அச்சுப்பொறி வைத்து ஹோகார்த் பிரஸைத் தொடங்கினார்கள்.

முகவரின் கவலை வேறு. அவர் பதிப்பகத்துக்கு விற்பது உரிமையை. ஒப்பந்தத்தில், உரிமை முழுவதும் தன்னிடமே இருக்கிறது என்று எழுத்தாளர் உறுதி கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். அந்த உறுதியில் ஓட்டை இருந்தால் முகவரின் பெயரும் சேர்ந்தே கெடும்.

ஆகவே, அனுப்புவது அதே நூல் என்றால் கடிதத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: "இந்நாவலின் தமிழ் மூலத்தை 2014இல் நானே 300 பிரதிகள் வெளியிட்டேன். எல்லா உரிமைகளும் என்னிடமே உள்ளன." வேறு நூல் என்றால் ஒரு வரி போதும். விற்பனையைக் கூட்டிச் சொல்லாதீர்கள். பதிப்பகங்கள் நீல்சன் புக்ஸ்கேன் கணக்கைப் பார்க்கும். மண்டபத்தில் கையோடு விற்றவை அதில் வராது. அதையும் அப்படியே எழுதுங்கள். கிண்டிலில் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்த்திருந்தால், 90 நாள் தவணை முடியும்வரை மின்நூல் அமேசானுக்கு மட்டுமே உரியது. அந்தத் தவணை எப்போது முடிகிறது என்று பாருங்கள்.

இன்னொன்றை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். மொழிபெயர்ப்பின் பதிப்புரிமை மொழிபெயர்த்தவருக்கு உரியது. எவ்வளவு நெருங்கிய நண்பரானாலும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தமிழ்ப் பதிப்பகம் ஒன்று போட்ட நூலென்றால், வாய்ப்பேச்சை நம்பாமல், ஆங்கில உரிமை உங்களுடையது என்று அவர்களிடமும் ஒரு கடிதம் வாங்குங்கள்.

சொன்னால் முகவர் மறுக்கலாம், அது நடக்கக்கூடியதுதான். ஆனால் சொல்லாமல் இழந்த வாய்ப்பை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.