விளக்கு எரிகிறது, பம்ப் ஓடுகிறதா?

பிள்ளைகள் ஆசையாக வாங்கிய கணினி. பெட்டிக்குள் வண்ண விளக்குகள் மின்னுகின்றன, விசிறிகளும் சுழல்கின்றன. ஆனால், இயக்கிய சில நிமிடங்களில் வேகம் குறைந்து, கணினி தானாகவே அணைந்துவிடுகிறது.

வைரஸ் என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மென்பொருளை மீண்டும் நிறுவுவோர் உண்டு. புதுக் கணினி வாங்கக் கிளம்புவோரும் உண்டு. நீரால் குளிரூட்டப்படும் கணினி என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது உள்ளே இருக்கும் சிறிய பம்பைத்தான்.

நீர் ஓடினால்தான் பயன்

ஒரே கன அளவு காற்றைவிட நீர் 3,000 மடங்குக்கும் அதிகமான வெப்பத்தை ஏந்தக்கூடியது. கணினியின் மூளையான சிபியுவின் சூட்டை வாங்கிக்கொண்ட நீரை, பம்ப் குழாய் வழியாக ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அங்கு விசிறிகள் சூட்டை வெளியேற்ற, ஆறிய நீர் மறு குழாயில் திரும்புகிறது.

பம்ப் நின்றால் இந்தச் சுற்று அறுந்துவிடும். ஆனால், விளக்குகளும் விசிறிகளும் தொடர்ந்து இயங்கலாம். அதனால்தான் பலருக்குச் சந்தேகமே வருவதில்லை.

சிபியு உடனே கருகிவிடாது. இண்டெலின் பல மேசைக்கணினி சிபியுக்கள் 100 டிகிரி செல்சியசை நெருங்கும்போதும், ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவை 95 டிகிரியிலும் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் சூடேறினால் கணினி அணையும். சேமிக்காத வேலைதான் முதலில் பறிபோகும்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

முதலில் முக்கியக் கோப்புகளை வேறிடத்தில் சேமித்துவிடுங்கள். பிறகு கணினியை மீண்டும் இயக்கி, பயாஸ் பக்கத்தில் வெப்பநிலையைப் பாருங்கள். எந்த வேலையும் இல்லாதபோதே 80, 90 டிகிரி என ஏறிக்கொண்டே போனால் கோளாறு உறுதி.

பம்ப் வேகத்தையும் பாருங்கள். நிமிடத்திற்கு 2,000 முதல் 3,000 சுழற்சிகள் பல பம்புகளுக்கு வழக்கம். சில வகைகள் பயாஸில் வேகத்தைக் காட்டாது என்பதால், அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இரு குழாய்களையும் லேசாகத் தொட்டுப் பாருங்கள். சிபியு கொதிக்கும்போது ரேடியேட்டர் குளிர்ந்தே இருந்தால், பெரும்பாலும் நீர் ஓடவில்லை. சிபியுவின் மேல் குளிரூட்டி சரியாகப் பொருந்தாவிட்டாலும் இப்படி ஆகலாம், திருகுகளையும் கவனியுங்கள்.

அடுத்து, கணினியை அணைத்து மின்கம்பியைக் கழற்றிவிட்டு, பம்பின் இணைப்பு தளர்ந்துள்ளதா என்று பாருங்கள். ‘களக் களக்’ என்ற ஓசை கேட்டால், உள்ளே காற்றுக் குமிழி சிக்கியிருக்கலாம். அணைத்த நிலையில் பெட்டியை மெதுவாகச் சாய்த்தால் குமிழி விலகக்கூடும். பம்ப் ரேடியேட்டரைவிட உயரத்தில் இருந்தால் காற்று மீண்டும் அங்கேயே சேரும்.

பிரிக்காதீர்கள்

மூடி முத்திரையிட்ட குளிரூட்டியைப் பிரித்தால் உத்தரவாதம் பறிபோகலாம். நீர் கசிந்தால் மற்ற பாகங்களும் கெடும். ரசீதைத் தேடி எடுங்கள். பல நிறுவனங்கள் ஐந்தாண்டு வரை உத்தரவாதம் தருகின்றன.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள ‘லெமன்’ சட்டப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள் தெரியும் குறை, வாங்கியபோதே இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கடைக்காரரிடம் கேட்கலாம்.

உத்தரவாதம் முடிந்திருந்தால், அதே போன்ற இன்னொன்றைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. படிப்பு, அலுவலக வேலை, சாதாரண விளையாட்டு ஆகியவற்றுக்குத் தரமான காற்றுக் குளிரூட்டியே பெரும்பாலும் போதும். அதில் பம்ப் இல்லை. விசிறி கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். உங்கள் சிபியுவுக்கும் பெட்டியின் அகலத்திற்கும் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். பழைய வெப்பப் பசையைத் துடைத்துவிட்டுப் புதியதைத் தடவவும் மறவாதீர்கள்.