ஒரு இன்ஜின் நின்னா என்ன ஆகும்? இந்தியா வடிவமைத்த 'சரஸ்' குட்டி விமானத்தின் கதை

கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் விமானம் ஏறணும்னா என்ன செய்வார்? செஞ்சி, திண்டிவனம் வழியா சென்னைக்குப் போவார். இல்லைன்னா திருவண்ணாமலை, செங்கம், கிருஷ்ணகிரி வழியா பெங்களூருக்குப் போவார். டெல்லிக்குப் பறக்கிற நேரத்தைவிட, ஏர்போர்ட்டுக்குப் போய்ச் சேர்கிற நேரம்தான் அதிகம்.

நம்ம மாதிரி ஊர்களுக்குப் பக்கத்திலேயே விமானம் வரணும்னா, அது 180 பேர் ஏறுற ஜெட்டா இருக்க முடியாது. அவ்வளவு நீளமான ஓடுபாதையும் இல்லை, தினமும் அவ்வளவு பயணிகளும் கிடைக்க மாட்டாங்க. தேவை 14 பேரோ 19 பேரோ போகிற, சின்ன ஓடுபாதையில் இறங்குகிற, புரொபெல்லர் வைத்த குட்டி விமானம். மத்திய அரசின் 'உடான்' திட்டப் பட்டியலில் வேலூரும் நெய்வேலியும்கூட இருக்கின்றன. அப்படியொரு விமானத்தை நாமே வடிவமைக்கலாம்னு இந்தியா எடுத்த முயற்சிக்குப் பெயர்தான் 'சரஸ்'. உலகத்திலேயே உயரமான பறக்கும் பறவையான சரஸ் கொக்கின் பெயர் அது.

தள்ளிப்போன முதல் பறத்தல்

பெங்களூரில் இருக்கும் தேசிய விண்வெளி ஆய்வகம்தான் (என்.ஏ.எல்) இதன் தாய்வீடு. 1991-ல் ரஷ்யாவின் மியாசிஷேவ் நிறுவனத்துடன் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள். சோவியத் யூனியன் உடைந்த காலம் அது. பணப் பிரச்னையால் ரஷ்யத் தரப்பு சீக்கிரமே விலகிக்கொண்டது. 1998 பொக்ரான் அணுகுண்டு சோதனைக்குப் பிறகு அமெரிக்கா விதித்த தடைகளில் திட்டம் கிட்டத்தட்ட நின்றேபோனது.

1999 செப்டம்பரில் முறையான அனுமதி கிடைத்தது. 2001 மார்ச்சில் பறக்கணும் என்பது இலக்கு. நிஜத்தில் முதல் மாதிரி விமானம் மேலே எழும்பியது 2004 மே 29-ம் தேதி.

எதுக்கு ரெண்டு இன்ஜின்?

ரெண்டு இன்ஜின் இருந்தா டபுள் வேகம்னு நினைச்சா, அது தப்பு. ஒண்ணு நின்னுபோனாலும் இன்னொண்ணு பத்திரமா தரையிறக்கணும், அதுதான் முக்கியக் காரணம்.

ஆனால், இதில் ஒரு சிக்கல் இருக்கு. ஒரு கணக்குக்காக, ரெண்டு இன்ஜினும் சேர்ந்து 100 பங்கு சக்தி தருதுன்னு வெச்சுக்குவோம். உயரம் குறையாம நேராகப் பறக்கவே 40 பங்கு வேணும். மீதி 60 மேலே ஏறுவதற்கு. ஒரு இன்ஜின் நின்னா கையில் இருப்பது 50. நேராகப் பறக்க 40 போக, ஏறுவதற்கு 10 மட்டும்தான் மிச்சம். அதாவது போனது பாதி சக்தி, ஆனா மேலேறும் திறனில் ஆறில் ஐந்து பங்கு காலி.

இதே விமானம் கொஞ்சம் எடை கூடிப்போய், நேராகப் பறக்கவே 55 பங்கு கேட்டால்? இருக்கிற 50 போதாது. இன்னொரு இன்ஜின் நல்லா ஓடிக்கிட்டிருந்தாலும் விமானம் மெதுவாகக் கீழே வந்துகொண்டேதான் இருக்கும்.

இன்னொரு பிரச்னை, திரும்புவது. டிராக்டரில் ஒரு பக்க பிரேக்கை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமாகத் திரும்பும், இல்லையா? ஒரு பக்க இன்ஜின் மட்டும் நின்றாலும் அதே கதைதான். பைலட் வாலில் இருக்கும் சுக்கானை வைத்து அதைச் சமாளிக்கணும்.

இழுக்கிறதா, தள்ளுறதா?

வழக்கமான புரொபெல்லர் விமானம் மாட்டு வண்டி மாதிரி. மாடு முன்னால் நின்று இழுக்கும். சரஸ் தள்ளுவண்டி மாதிரி. அதன் ரெண்டு டர்போபிராப் இன்ஜின்களும் இறக்கையில் இல்லை. உடம்பின் பின்பகுதியில், பக்கத்துக்கு ஒன்றாக, புரொபெல்லர் பின்னால் பார்த்தபடி பொருத்தப்பட்டிருக்கும். இத்தாலியின் பியாஜியோ அவந்தி விமானத்திலும் புரொபெல்லர் பின்னால் பார்த்தபடிதான் இருக்கும், ஆனால் அதில் இன்ஜின்கள் இறக்கையில் இருக்கும்.

இதனால் என்ன லாபம்? சத்தம் பயணிகளுக்குப் பின்னால் போய்விடும். இறக்கை மேல் காற்று தடையில்லாமல் வழுக்கிப் போகும். இன்ஜின்கள் உடம்பை ஒட்டி இருப்பதால், ஒன்று நின்றாலும் ஒரு பக்கமாகத் திரும்பும் வேகம் குறையும். நஷ்டமும் உண்டு. உடம்பும் இறக்கையும் கலைத்துவிட்ட காற்றில்தான் பின்னால் இருக்கும் புரொபெல்லர் சுழலணும். ஓடுபாதையில் சக்கரம் கிளப்பும் சின்னக் கல்கூட அதில் படலாம்.

11 பேர் எடை எக்ஸ்ட்ரா

சரஸை உண்மையில் சிரமப்படுத்தியது எடைதான். காலி விமானம் 4,125 கிலோ இருக்கணும் என்று திட்டமிட்டார்கள். முதல் மாதிரி விமானம் 5,118 கிலோ வந்து நின்றது. 993 கிலோ கூடுதல்!

14 பயணிகளோடு 1,232 கிலோ சுமக்கணும் என்பது திட்டம். ஒரு ஆளுக்கு, பெட்டியோடு சேர்த்து, 88 கிலோ. அப்படின்னா இந்தக் கூடுதல் எடை மட்டுமே 11 பயணிகளுக்குச் சமம். ஒருத்தர்கூட ஏறுவதற்கு முன்னாலேயே விமானம் முக்கால்வாசி நிறைந்த மாதிரி.

அதனால் ரெண்டாவது மாதிரியில் உலோகத்துக்குப் பதில் பல இடங்களில் லேசான காம்போசிட் பொருள்களைப் பயன்படுத்தினார்கள். 850 குதிரைத்திறன் இன்ஜினை மாற்றி 1,200 குதிரைத்திறன் இன்ஜின் வைத்தார்கள். 2007 ஏப்ரல் 18-ல் அது பறந்தது.

2009 மார்ச் 6

ஒரு இன்ஜின் நின்றாலும் விமானம் தாங்கும் என்று பேப்பரில் எழுதினால் போதாது. யாராவது மேலே போய், வேண்டுமென்றே இன்ஜினை அணைத்து, மறுபடி பற்றவைத்துக் காட்டணும்.

இதில் புரொபெல்லர் ஏன் முக்கியம்? ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலில் கையை நீட்டிப் பாருங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். உள்ளங்கையை விரித்தால் காற்று கையைப் பின்னால் தள்ளும். கையைப் பக்கவாட்டில் திருப்பினால் காற்றைக் கத்தி மாதிரி கிழிக்கும். இன்ஜின் நின்றதும் புரொபெல்லர் தகடுகளை அப்படித்தான் பக்கவாட்டில் திருப்பி வைப்பார்கள். மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது தகடுகள் திரும்பவும் விரியணும். இன்ஜின் பிடிக்காமல் தகடு மட்டும் விரிந்தால், அந்தப் பக்கம் பிரேக் போட்ட மாதிரி ஆகிவிடும். விமானம் திரும்பும், உயரம் சரியும். சமாளிக்கக் கீழே நிறைய உயரம் வேணும்.

2009 மார்ச் 6-ம் தேதி, இன்ஜினை மறுபடி இயக்கும் சோதனையின்போது ரெண்டாவது சரஸ் பெங்களூரு அருகே பிடதி பக்கம் ஒரு வயல்வெளியில் விழுந்து எரிந்தது. விமானப்படையைச் சேர்ந்த பைலட்கள் விங் கமாண்டர் பிரவீன் கோட்டேகொப்பா, விங் கமாண்டர் தீபேஷ் ஷா, சோதனைப் பொறியாளர் ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா ஆகிய மூவரும் இறந்துபோனார்கள்.

சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விசாரணை, தவறை அந்த மூவர் தலையில் மட்டும் கட்டவில்லை. இன்ஜினை மறுபடி இயக்க விமானத்தை உருவாக்கியவர்கள் வகுத்துக் கொடுத்த செய்முறையே தவறு, அதைப் போதுமான உயரம் இல்லாத இடத்தில் செய்ததும் தவறு என்றது. மெஷினை வடிவமைப்பது மாதிரி, அதை எந்த வரிசையில், எந்த உயரத்தில் இயக்கணும் என்பதையும் வடிவமைக்கணும். அதுவும் டிசைன்தான்.

இப்போ எந்த நிலை?

அதற்குப் பிறகு திட்டம் படுத்தேவிட்டது. சில வருடங்கள் கழித்து, முதல் மாதிரி விமானத்தையே பல மாற்றங்களுடன் திருத்தி, 2018 ஜனவரி 24-ல் பெங்களூரில் மறுபடி பறக்கவிட்டார்கள். அடுத்த வடிவமான 'மார்க் 2' 19 இருக்கைகளோடு திட்டமிடப்பட்டது.

இடைப்பட்ட காலத்தில் சின்ன ஊர்களுக்குப் போக இன்னொரு குட்டி விமானம் கிடைத்துவிட்டது. ஜெர்மனி வடிவமைத்து, கான்பூரில் ஹெச்.ஏ.எல் தயாரிக்கும் டோர்னியர் 228. 2022 ஏப்ரல் 12-ல் அலையன்ஸ் ஏர் அதை அஸ்ஸாமின் திப்ருகரிலிருந்து அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டுக்குப் பயணிகளோடு இயக்கியது. தயாரிப்பு நம்முடையது, வடிவமைப்பு அவர்களுடையது. சரஸ் அந்த ரெண்டாவது பாதியையும் நம்முடையதாக்கத்தான் முயற்சி செய்கிறது.

இனி சரஸ் பற்றிச் செய்தி வந்தால், எப்போ பறக்கும் என்ற தேதியோடு ரெண்டு விஷயத்தையும் சேர்த்துத் தேடிப் பாருங்க. காலி எடை எத்தனை கிலோ? ஒரே இன்ஜினில் மேலே ஏறிக் காட்டியதா? இந்த ரெண்டுக்கும் நல்ல பதில் கிடைக்கும் நாளில், வேலூரிலோ நெய்வேலியிலோ நம்பி ஏறி உட்காரலாம்.