எறும்புகளின் துணிக்கடை

ஒருவர் உடுத்திக் கழித்த உடையை விலைக்கு வாங்க நாம் கூசுகிறோம். செல்வம் கொழிக்கும் சுவீடன் நாட்டிலோ பலர் அதை விரும்பியே வாங்குகின்றனர்.

அங்கு இரட்சணிய சேனை 1896ஆம் ஆண்டு முதல் பழைய துணிமணிகளையும் பொருள்களையும் திரட்டி விற்று வருகிறது. அக்கடைகளுக்கு 'மீரூர்னா' என்று பெயர். 'எறும்புகள்' என்பது பொருள். எஞ்சும் வருவாய் எளியோருக்கான பணிகளுக்குச் செல்கிறது.

ஸ்டாக்ஹோம் நகரில் 1993இல் தோன்றிய 'பிலிப்பா கே' என்னும் ஆடை நிறுவனமும், தன் பழைய உடைகளை விற்கவென்றே 2008இல் தனிக் கடை திறந்தது.

இத்தகைய உடையை வாங்கும்போது பெயர்ச்சீட்டை மட்டும் பார்த்தால் போதாது. தையல், அக்குள், முழங்கை, ஜிப் ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். நல்ல துணியும் உறுதியான தையலுமே இரண்டாமவருக்கும் உழைக்கும்.

ஆகவே தோழியரே, புத்தாடை எடுக்கும்போதே, 'நமக்குப்பின் இது இன்னொருவருக்கும் உதவுமா?' என்று எண்ணுவோமாக!