அடங்கிய சுரப்பியும் அளவான உணவும்

முடக்குவாதம், லூபஸ், குடல் அழற்சி போன்ற நோய்கள் ஓரிரு வாரங்களில் வந்து போகும் விருந்தாளிகள் அல்ல. ஆண்டுக் கணக்கில் உடன் வாழ்பவை. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு ஆற்றலே நம் உடலின்மீது திரும்பி, மூட்டுகளையும் தோலையும் குடலையும் வீங்கிச் சிவக்கச் செய்கிறது. இதனையே மருத்துவர் அழற்சி என்பர். இந்நோய்களுக்கு அளிக்கப்பெறும் மருந்துகளுள் பிரெட்னிசோலோன் என்னும் மாத்திரை முக்கியமானது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் வீடுகளில் இம்மாத்திரையைப் பற்றி இருவகைப் பேச்சுகள் எழுவதுண்டு. ‘அது ஸ்டீராய்டு, உடனே விட்டுவிடு’ என்பது ஒன்று. ‘வலிதான் நின்றுவிட்டதே, இனி மாத்திரை எதற்கு’ என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே ஆபத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த ஆபத்து யாது, அதனைத் தவிர்ப்பது எவ்வாறு, உணவு அதற்கு எந்த அளவு துணை செய்யும் என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

சிறுநீரகங்கள் இரண்டின் உச்சியிலும் தொப்பி வைத்தாற்போல் அமர்ந்திருக்கும் சிறு சுரப்பிகளுக்கு அட்ரீனல் என்று பெயர். இந்தியில் இதனை அதிவிருக்க கிரந்தி என்பர். ‘சிறுநீரகத்தின் மேலுள்ளது’ என்பதே அதன் பொருள். ஒவ்வொன்றும் சுமார் 4 அல்லது 5 கிராம் எடையே உள்ளது. எனினும் அது செய்யும் வேலை பெரிது. அதன் புறப்பகுதியில் கார்ட்டிசோல், ஆல்டோஸ்டிரோன் என இரு முக்கியமான சுரப்பு நீர்கள் உண்டாகின்றன. கார்ட்டிசோல் இரத்த அழுத்தத்தையும் இரத்தத்திலுள்ள சர்க்கரையையும் தாழ்ந்துவிடாமல் காக்கிறது. காய்ச்சல், காயம், அறுவை ஆகியவற்றின் தாக்குதலை உடல் தாங்கிக்கொள்ளச் செய்கிறது. ஆல்டோஸ்டிரோன் உடலில் உப்பின் அளவைக் காக்கிறது. கார்ட்டிசோல் விடியற்காலையில் மிகுதியாகவும் நள்ளிரவில் மிகக் குறைவாகவும் சுரக்கும். ‘சுரப்பாயாக’ என்னும் கட்டளை, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது.

இச்சுரப்பிகள் பழுதுற்றால் மனிதன் மெலிந்து, சோர்ந்து, மடிகிறான் என்பதை 1855-இல் முதன்முதலாக விளக்கியவர் லண்டன் நகரத்து மருத்துவர் தாமஸ் அடிசன். அந்நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதற்குப் பின் 1948-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், முடக்குவாதத்தால் நடக்க இயலாதிருந்த பெண்மணி ஒருவருக்குப் பிலிப் ஹென்ச் என்னும் மருத்துவரும் அவருடைய துணைவர்களும் கார்ட்டிசோன் மருந்தை ஊசிவழியே செலுத்தினர். சில நாட்களுக்குள் அப்பெண்மணி எழுந்து நடந்தார். ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950-இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. 1955-இல் பிரெட்னிசோலோன் மருத்துவர் கைக்கு வந்தது.

ஆனால் மகிழ்ச்சியோடு கவலையும் உடன் வந்தது. கார்ட்டிசோன் உட்கொண்டுவந்த முடக்குவாத நோயாளி ஒருவர் அறுவைக்குப் பின் இரத்த அழுத்தம் வீழ்ந்து இறந்தார் என்றும், அவருடைய அட்ரீனல் சுரப்பிகள் சுருங்கிப் போயிருந்தன என்றும் 1952-இல் அமெரிக்க மருத்துவர் சிலர் எழுதினர். சுரப்பி ஏன் சுருங்கியது?

ஊர்விட்டு ஊர் வந்து தனியே தங்கியிருக்கும் ஒருவருக்கு மெஸ்ஸிலிருந்து நாள்தோறும் எடுப்புச் சாப்பாடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் வீட்டில் அடுப்பு எரிவதில்லை. அரிசி பருப்பு வாங்குவதும் நின்றுவிடுகிறது. ஒருநாள் முன்னறிவிப்பின்றிச் சாப்பாடு வராமற் போனால் அன்று பட்டினிதான். பிரெட்னிசோலோன் உட்கொள்வோரின் நிலையும் இதுவே. கார்ட்டிசோல் செய்யும் வேலையை மாத்திரை செய்துவிடுவதால் பிட்யூட்டரி தன் கட்டளையை நிறுத்திக்கொள்கிறது. கட்டளை பெறாத அட்ரீனல் சுரப்பி அடங்கி உறங்குகிறது. 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன், சுமார் 20 மில்லிகிராம் கார்ட்டிசோலுக்கு ஈடாகும். உடல் ஒருநாளில் தானே உண்டாக்கிக்கொள்ளும் அளவும் ஏறக்குறைய இவ்வளவே. இதற்கு மேற்பட்ட அளவை மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் உட்கொண்டவர் எவராயினும் அவருடைய சுரப்பி உறங்கியிருக்கக்கூடும் என்றே கொள்ள வேண்டும். அது மீண்டும் விழித்தெழச் சிலருக்கு வாரங்களும், சிலருக்கு மாதங்களும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆவதுண்டு. ஆகவேதான் மருத்துவர் மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறார். அவர் குறைப்பதற்கும் நாமே நிறுத்துவதற்கும் உள்ள வேற்றுமை, படியிறங்குவதற்கும் மாடியிலிருந்து குதிப்பதற்கும் உள்ள வேற்றுமையாகும்.

திடீரென நிறுத்தினால் என்ன நேரும்? மிகுந்த சோர்வு, பசியின்மை, குமட்டல், வயிற்றுவலி, உடல்வலி, எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் ஆகியவை தோன்றும். இவற்றைப் பழைய நோயின் தொல்லை என்றோ, வெயிலின் கொடுமை என்றோ எண்ணி வாளாவிருப்போர் உண்டு. அத்தருணத்தில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ சேர்ந்துகொண்டால் வாந்தி நில்லாது; இரத்த அழுத்தம் வீழும்; நினைவு தடுமாறும். சில மணி நேரத்தில் உயிருக்கே இடர் நேரலாம்.

இனி உணவைப் பற்றிக் கூறுவோம். இங்கு ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் நலம். அடிசன் நோயில் சுரப்பியே அழிந்துபோவதால் கார்ட்டிசோல், ஆல்டோஸ்டிரோன் ஆகிய இரண்டும் குறைகின்றன, உடல் உப்பை இழக்கிறது, தோல் கருக்கிறது, உப்பின்மேல் வேட்கை பிறக்கிறது. அவர்கள் உப்பைக் குறைக்கலாகாது. கோடையில் மிகுதியாகவே வேண்டியிருக்கும். நம் நாட்டில் இந்நோய்க்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணமாகும். மாத்திரையால் சுரப்பி உறங்கியவர்களின் நிலையோ வேறு. அவர்களுக்கு ஆல்டோஸ்டிரோன் சுரப்பது நிற்பதில்லை. மேலும், மாத்திரை உடலில் உப்பையும் நீரையும் தேக்குவதால் முகமும் காலும் வீங்கலாம். இரத்த அழுத்தம் ஏறலாம். அவர்கள் உப்பைக் குறைக்க வேண்டும். ஒருவருக்குச் சொன்ன பத்தியம் மற்றவருக்குப் பொருந்தாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் ஒருநாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, உப்பு உண்ணுமாறு கூறுகிறது. ஊரிலிருந்து அன்போடு அனுப்பப்பெறும் ஊறுகாய், அப்பளம், வடாம், மோர்மிளகாய், கருவாடு ஆகியவற்றில் உப்பு மிகுதி என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வடநாட்டில் விரத நாட்களில் வழங்கும் சேந்தா நமக் என்பது நம் இந்துப்பே. அதுவும் காலா நமக்கும் உப்புகளே அன்றி, உப்பிற்கு மாற்று அல்ல.

அடுத்தது சர்க்கரை. காலையில் பிரெட்னிசோலோன் உட்கொள்பவருக்குப் பிற்பகலிலும் மாலையிலும் இரத்தச் சர்க்கரை ஏறக்கூடும். வெறும் வயிற்றில் செய்யும் சோதனை மட்டும் இதனைக் காட்டாது போகலாம். மாத்திரை பசியையும் தூண்டுவது இயல்பு. ஆதலின், சோற்றின் அளவைக் குறைத்து, காயும் கீரையும் பருப்பும் சுண்டலும் மிகுதியாகக் கொள்ளுதல் நன்று. பருப்பும் முட்டையும் மீனும் தரும் புரதம், மாத்திரையால் தளரும் தசைகளுக்கு ஊட்டமாகும்.

மூன்றாவது எலும்பு. நெடுநாள் ஸ்டீராய்டு எலும்பைத் தேய்க்கும். ஒருநாளைக்குச் சுமார் 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராமும், 200 மில்லிலிட்டர் பாலில் ஏறக்குறைய 240 மில்லிகிராமும் உண்டு. கேழ்வரகை மராட்டியர் நாச்சணி என்றும், இமயமலைப் பகுதியினர் மண்டுவா என்றும் கூறுவர். அப்பெயர் சொல்லிக் கேட்டால் கடையில் கிடைக்கும். தயிரும் எள்ளும் கீரையும் துணை செய்யும். வைட்டமின் டி கிடைக்க வெயில் வேண்டும் என்பது பொதுவிதி. ஆனால் லூபஸ் நோயாளிகளுக்கு வெயில் நோயைத் தூண்டக்கூடும். அவர்கள் அதனை மாத்திரையாகப் பெறுவதே தக்கது. இளநீர், வாழைப்பழம் ஆகியவற்றில் பொட்டாசியம் உண்டு. பலருக்கு அது நன்மையே. ஆயினும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர் மருத்துவரைக் கேளாமல் அவற்றை மிகுதியாகக் கொள்ளலாகாது.

நாட்டுச் சரக்கு ஒன்றைப் பற்றியும் எச்சரித்தல் கடமையாகும். இருமலுக்காக நாம் சுவைக்கும் அதிமதுரத்தை வடநாட்டார் முலேட்டி என்பர். குளிர்காலத்தில் தேநீரிலும் இடுவர். அதனை நாள்தோறும் உட்கொண்டால் உடலில் உப்பு தேங்கி, பொட்டாசியம் குறைந்து, இரத்த அழுத்தம் ஏறும். ஸ்டீராய்டு உட்கொள்வோருக்கு இத்தீமை இருமடங்காகும்.

விரதம் இருப்போரும் சிந்திக்க வேண்டும். மாத்திரையைக் காலை உணவுக்குப் பின் உட்கொள்வதே வழக்கம். ஏகாதசி, சஷ்டி என்று உணவை விடுபவர் மாத்திரையையும் சேர்த்து விட்டுவிடுவதுண்டு. சுரப்பி உறங்கும் உடலுக்குப் பட்டினியில் சர்க்கரை தாழ்வதைத் தடுக்கும் ஆற்றல் குறைவு. மருத்துவர் ஒப்பினாலன்றி முழு உபவாசம் மேற்கொள்ளாதிருப்பதே அறிவுடைமை.

காய்ச்சல் வரும்போது நலமுள்ள உடல் கார்ட்டிசோலைத் தானே மிகுதியாகச் சுரந்துகொள்ளும். உறங்கும் சுரப்பியால் அது இயலாது. ஆகவே காய்ச்சல் நாட்களில் மாத்திரையை இரட்டிப்பாக்குமாறு மருத்துவர் பலருக்குக் கூறுவர். முன்னரே மிகுந்த அளவில் உட்கொள்வோருக்கு அது வேண்டியிராது. தமக்கு எது பொருந்தும் என்பதை நலமாயுள்ளபோதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மாத்திரை விழுங்கிய அரைமணிக்குள் வாந்தியானால் மீண்டும் ஒருமுறை விழுங்கலாம். அதுவும் தங்காவிடில் காலந்தாழ்த்தாது மருத்துவமனை செல்ல வேண்டும். அங்கு ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியும் உப்புநீரும் செலுத்தினால் உயிர் மீளும். காசநோய்க்கு அளிக்கும் ரிஃபாம்பிசின் என்னும் மருந்து ஸ்டீராய்டை உடலில் விரைவில் அழித்துவிடும். அதனைத் தொடங்கும்போது இரு மருத்துவர்களுக்கும் இச்செய்தி தெரிந்திருத்தல் வேண்டும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனிப்பட்ட இடர்ப்பாடு ஒன்று உண்டு. தில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஒரு நாளுக்கு மேலாகிறது. வழியில் உண்ட உணவு ஒவ்வாமல் வாந்தி வரலாம். மாத்திரையிருந்த பெட்டி தொலைந்துபோகலாம். அழைத்துச் செல்லப்படும் மருத்துவமனையில் நம் மொழி அறிந்தவர் இல்லாதிருக்கலாம். ஆகவே மாத்திரைகளைப் பெட்டியில் பாதியும் கைப்பையில் பாதியுமாக வைத்துக்கொள்ள வேண்டும். வழிக்குக் காய்ச்சி ஆறிய நீரும், கெடாத உணவும் எடுத்துச் செல்வது நலம். எல்லாவற்றிற்கும் மேலாக, ‘நான் நெடுநாளாக ஸ்டீராய்டு உட்கொள்பவன், திடீரென நிறுத்தலாகாது, மயங்கிக் கிடந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி தேவை’ என்று ஆங்கிலத்திலும், வாழும் மாநிலத்தின் மொழியிலும் எழுதி, மருந்தின் பெயரையும் அளவையும் குறித்த அட்டையொன்றைச் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். பேச இயலாதபோது நமக்காகப் பேசுவது அதுவே.

‘அட்ரீனல் சோர்வு’ என்று ஒரு பெயர் சூட்டி, அதனைப் போக்கும் என்று சில மாத்திரைகளும் பொடிகளும் இந்நாளில் விற்கப்படுகின்றன. அப்படியொரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவ வல்லுநர் ஒப்புக்கொள்வதில்லை. உண்மையான குறைபாட்டை விடியற்காலை இரத்தத்தில் கார்ட்டிசோலை அளந்து அறியலாம். மூட்டுவலியை மூன்றே நாளில் போக்கும் எனப்படும் பெயரறியாப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டே மறைவாகக் கலந்திருந்தது ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது. அவற்றை உண்பவருக்குத் தம் சுரப்பி உறங்குவதே தெரியாது. பொடி தீர்ந்த அன்று வரும் தளர்ச்சிக்குக் காரணமும் விளங்காது.

உணவு உடலைத் தாங்கும். மாத்திரையின் தீமைகளைத் தணிக்கும். ஆனால் மாத்திரையின் இடத்தை அது கொள்ளாது. மாத்திரையைக் கண்டு அஞ்சுவதும் வேண்டா. அதனை அலட்சியம் செய்வதும் வேண்டா. இதனை வாசிக்கும் அன்பர்கள், தம் வீட்டில் ஸ்டீராய்டு உட்கொள்வோர் எவரேனும் இருப்பின், அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது மூன்று வினாக்களைக் கேட்பாராக: காய்ச்சல் வந்தால் அளவை எவ்வளவு கூட்டுவது? வாந்தி வந்தால் எங்குச் செல்வது? எப்போது, எவ்வளவு வீதம் குறைப்பது? விடைகளை எழுதி வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரியும் இடத்தில் வைப்பாராக.