கார்கசோன்: மீட்கப்பட்ட கோட்டைநகர்

பிரான்சு நாட்டின் தென்பகுதியில், துலூசு நகருக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே, ஓட் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது கார்கசோன். ஆற்றின் ஒரு கரையில் 13ஆம் நூற்றாண்டில் உருவான கீழ்நகரமும், மறுகரைக் குன்றின்மீது அதனினும் பழைமையான கோட்டைநகரும் உள்ளன. இரட்டை மதிலும் 52 கோபுரங்களும் கொண்ட இக்கோட்டைநகரை யுனெசுகோ நிறுவனம் 1997ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இங்கு வரும் பயணியர் காணும் மதில்களில் எது பழையது, எது புதுப்பிக்கப்பட்டது என்னும் வினாவே இந்நகரை அறிந்துகொள்ளச் சிறந்த வழியாகும்.

மதில்கள் கூறும் வரலாறு

இரு மதில்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். அகமதிலின் பல பகுதிகள் உரோமப் பேரரசின் பிற்காலத்தைச் சேர்ந்தவை. சிறு கற்களுக்கிடையே செங்கல் வரிசைகள் பதிந்திருப்பதைக் கொண்டு அவற்றை எளிதில் அடையாளம் காணலாம். 12ஆம் நூற்றாண்டில் திரென்காவல் குடியினர் இங்குத் தம் அரண்மனையை எழுப்பினர். 1209ஆம் ஆண்டு, காதார் சமயப் பிரிவினரை ஒடுக்க எழுந்த சிலுவைப்போர்ப் படை நகரை முற்றுகையிட்டது. நீரின்றி வாடிய நகரம் பணிந்தது. அதன் இளந்தலைவர் ரேமோன் ரோசே சிறைப்பட்டு, அவ்வாண்டே இறந்தார். பின்னர் நகரம் பிரெஞ்சு மன்னர்களின் கைக்குச் சென்றது. அவர்கள் 13ஆம் நூற்றாண்டில் புறமதிலைக் கட்டினர். புறமதிலைக் கடந்த பகைவர் இரு மதில்களுக்கும் இடைப்பட்ட வெளியில் சிக்கிக்கொள்வர். அகமதிலின் ஞாயில்களில் மறைந்துநின்ற வீரர்கள் அவர்களைத் தாக்குவர்.

இடிபடவிருந்த கோட்டை

1659ஆம் ஆண்டின் பிரனீசு உடன்படிக்கையால் எசுப்பானிய எல்லை தெற்கே நகர்ந்தது. எல்லைக் காவல் என்னும் பணி நீங்கவே, கோட்டை கவனிப்பாரற்றுப் போனது. செல்வர் கீழ்நகரில் வாழ்ந்தனர். ஏழை நெசவாளர் மதில்களுக்கு இடையே குடிசை அமைத்தனர். மதிற்கற்களைப் பிற கட்டடங்களுக்குப் பெயர்த்துச் செல்வதும் நிகழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோட்டை இடிக்கப்படும் நிலை உருவானது. அவ்வூர் வரலாற்றறிஞர் குரோ மேரெவியேய் அதனை உறுதியாக எதிர்த்தார். வரலாற்றுச் சின்னங்களின் கண்காணிப்பாளரும் எழுத்தாளருமான புரோசுப்பேர் மெரிமேயும் கோட்டையைக் காக்கக் குரல் கொடுத்தார். எதிர்ப்பின் விளைவாக இடிக்கும் முடிவு கைவிடப்பட்டது. 1853ஆம் ஆண்டு கட்டடக் கலைஞர் வியோலே லெ தியூக் மதில்களைச் சீரமைக்கத் தொடங்கினார். 1879இல் அவர் மறைந்த பின்னரும் அப்பணி தொடர்ந்தது.

சீரமைப்பு எழுப்பிய வினாக்கள்

வியோலே லெ தியூக் பல கோபுரங்களுக்குக் கருங்கற்பலகை வேய்ந்த கூம்பு வடிவக் கூரைகளை அமைத்தார். அவை வடபிரான்சுக்கு உரியவை. தென்பகுதியின் மரபு சரிவு குறைந்த ஓட்டுக்கூரையே என்று அறிஞர் சிலர் குறைகூறினர். 20ஆம் நூற்றாண்டில் உரோமக் கோபுரங்கள் சிலவற்றின் கூரைகள் ஓடுகளாக மாற்றப்பட்டன. மதிலிடைக் குடிசைகள் அகற்றப்பட்டதால் நெசவாளர் தம் இருப்பிடத்தை இழந்தனர். மதில் தன் பழைய தோற்றத்தைப் பெற, அதன் நிழலில் வாழ்ந்தோரின் சுவடு மறைந்தது. ஆயினும் இப்பணி நிகழாதிருப்பின் இன்று காண்பதற்குக் கோட்டையே எஞ்சியிராது. எனவே, கார்கசோனை இடைக்கால நகரமாக மட்டுமன்றி, 19ஆம் நூற்றாண்டின் படைப்பாகவும் காண்பதே பொருத்தமாகும்.

பயணியர் காண்பவை

நார்போன் வாயிலருகே கார்கசு சீமாட்டியின் மார்பளவுச் சிலை உள்ளது. பேரரசர் சார்லமேன் நகரை முற்றுகையிட்டபோது, எஞ்சிய கோதுமையை ஒரு பன்றிக்கு ஊட்டி மதிலுக்கு வெளியே அவள் எறியச் செய்தாள் என்றும், உள்ளே உணவு மிகுதியாக உள்ளதென எண்ணி அவர் முற்றுகையை நீக்கினார் என்றும் கதை வழங்குகிறது. அவள் ஒலிக்கச் செய்த மணியோசையே ஊர்ப்பெயருக்குக் காரணம் என்பர். உண்மையில், அப்பேரரசருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே உரோமர் காலத்தில் அப்பெயர் வழங்கியது. உள்ளே புனித நசேர் ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைக் கண்டு மகிழலாம். ஓட் ஆற்றின் பழைய கற்பாலத்திலிருந்து நோக்கினால் கோட்டை முழுவதும் தென்படும்.

கதையையும் வரலாற்றையும், பழைய கல்லையும் புதிய கூரையையும் பிரித்தறிந்து காணும் பயணியே இந்நகரை முழுமையாகக் கண்டவராவார். மரபுச்சின்னங்கள் தாமாகவே நிலைத்திருப்பதில்லை. அவற்றின் மதிப்பை உணர்ந்து உரிய காலத்தில் குரல் கொடுப்போரால் நிலைபெறுகின்றன என்பதற்குக் கார்கசோன் சான்றாக விளங்குகிறது.