நாடில்லாத கிராமங்கள்

மேற்கு வங்காள மாநிலத்தின் வடபகுதியில் கூச் பெகார் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அதன் தெற்கிலும் மேற்கிலும் வங்கதேச நாடு. கிழக்கில் அசாம் மாநிலம். வடக்கில் ஜல்பைகுரி, அலிப்பூர்துவார் மாவட்டங்கள். அவற்றுக்கும் வடக்கே பூட்டான் நாட்டின் மலைகள்.

இந்த மாவட்டத்தில் 14,000க்கும் அதிகமானோர் எந்த நாட்டின் உதவியும் இல்லாமல் வாழ்ந்தார்கள். அவர்கள் ஊரை விட்டு எங்கும் போகவில்லை. ஆனாலும் அவர்களுக்கு நாடு இல்லை. இது எப்படி நடந்தது?

ஆறுகளின் பூமி

கூச் பெகார் ஒரு சமவெளி. மலையிலிருந்து இறங்கும் தீஸ்தா, ஜல்டாக்கா, தோர்சா, ராய்டாக் முதலிய ஆறுகள் இதன் வழியாக ஓடி வங்கதேசத்துக்குள் போகின்றன. மழை அதிகம். ஆறுகள் அடிக்கடி கரையை அரிக்கும். அதே ஆறுகள் கொண்டுவரும் வண்டல்தான் மண்ணுக்கு வளம் தருகிறது.

நெல், சணல், புகையிலை, உருளைக்கிழங்கு ஆகியவை இங்கே விளைகின்றன. சணல் தண்டுகளை வெட்டி, குளம் குட்டைகளில் ஊற வைத்து, நாரை உரித்து எடுப்பார்கள். ஒருவகைச் செடியின் தண்டைக் கீறி குளிர்ச்சியான பாய் முடைவதும் இங்கே பேர்பெற்ற கைத்தொழில்.

2011ஆம் ஆண்டு கணக்கின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 28 லட்சம். பத்தில் ஒன்பது பேர் கிராமங்களில் வாழ்கிறார்கள்.

அரசர்கள் காலம்

முன்பு இது கோச் அரசர்கள் ஆண்ட தனி நாடு. 16ஆம் நூற்றாண்டில் நரநாராயணன் என்ற அரசர் காலத்தில் இந்த அரசு மிகவும் வலிமையாக இருந்தது. அசாமில் உள்ள காமாக்யா கோயிலை 1565இல் திருப்பிக் கட்டியவர் அவரே.

தெற்கே முகலாயர் ஆட்சி இருந்தது. இரு தரப்புக்கும் பல போர்கள் நடந்தன. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உடன்படிக்கை ஏற்பட்டது. கூச் பெகாரின் சில பகுதிகள் முகலாயரிடம் போயின. ஆனால் அந்தப் பகுதிகளுக்குள் இருந்த சில நிலங்கள் கூச் பெகார் தலைவர்கள் கையிலேயே இருந்தன. அதேபோல் கூச் பெகாருக்குள்ளும் முகலாயர் பக்கத்து ஆட்களின் நிலங்கள் சில தங்கிவிட்டன.

இரண்டு அரசர்கள் சதுரங்கம் ஆடினார்கள், கிராமங்களைப் பணயம் வைத்தார்கள் என்று மக்கள் ஒரு கதை சொல்வார்கள். அது கதைதான். போரும் உடன்படிக்கையுமே உண்மையான காரணம்.

ஒருவர் வயலுக்கு நடுவே இன்னொருவரின் வயல் இருப்பது கிராமங்களில் வழக்கம். வரப்பில் நடந்து போய்ப் பயிர் செய்வார்கள். அரசர் காலத்திலும் அப்படித்தான் இருந்தது. வரியை யாரிடம் கட்டுவது என்பது மட்டுமே வேறுபாடு. போக வரத் தடை இல்லை.

வரப்பு எல்லையானது

1947இல் நாடு பிரிந்தது. தெற்கே இருந்த ரங்பூர் மாவட்டம் பாகிஸ்தானுக்குப் போனது. கூச் பெகார் அரசு 1949இல் இந்தியாவுடன் சேர்ந்தது. 1950 ஜனவரி 1 முதல் மேற்கு வங்காளத்தின் ஒரு மாவட்டம் ஆனது.

அரசரின் நிலங்கள் ரங்பூர் பக்கத்தில் சிதறிக் கிடந்தன அல்லவா? அவை இப்போது பாகிஸ்தானுக்குள் இருக்கும் இந்திய நிலம் ஆகிவிட்டன. கூச் பெகாருக்குள் இருந்த ரங்பூர் நிலங்கள் இந்தியாவுக்குள் இருக்கும் பாகிஸ்தான் நிலம் ஆயின. 1971இல் கிழக்குப் பாகிஸ்தான் வங்கதேசம் என்ற தனி நாடானது. அப்போதும் இந்தச் சிக்கல் தீரவில்லை.

வங்கதேசத்துக்குள் இந்தியாவின் நிலத்துண்டுகள் 111 இருந்தன. இந்தியாவுக்குள் வங்கதேசத்தின் நிலத்துண்டுகள் 51 இருந்தன. வங்காளி மொழியில் இவற்றைச் சிட்மகால் என்பார்கள். சிதறிய நிலத்துண்டு என்று பொருள்.

ஓர் இடத்தில் இது இன்னும் விசித்திரமாக இருந்தது. வங்கதேசத்துக்குள் ஓர் இந்தியக் கிராமம். அதற்குள் ஒரு வங்கதேச நிலம். அதற்குள் மறுபடியும் இந்தியாவுக்குச் சொந்தமான ஒரு வயல்!

அங்கே வாழ்க்கை

1952 முதல் எல்லையைத் தாண்டக் கடவுச்சீட்டு தேவைப்பட்டது. சிட்மகாலில் வாழ்ந்தவர் கடவுச்சீட்டு வாங்க வேண்டும் என்றால் தன் நாட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே போக வேண்டும் என்றால் அடுத்த நாட்டு மண்ணை மிதிக்க வேண்டும். அதற்குக் கடவுச்சீட்டு வேண்டும்! வீட்டு வாசலைத் தாண்டினாலே குற்றம் என்ற நிலை.

சொந்த நாட்டு அரசால் உள்ளே வர முடியவில்லை. சுற்றி இருந்த நாட்டுக்கு அது அயல் மண். ஆகவே பள்ளிக்கூடம் இல்லை. ஆஸ்பத்திரி இல்லை. மின்சாரம் இல்லை. திருடு போனால் புகார் கொடுக்கப் போலீஸ் நிலையம் இல்லை. குடும்ப அட்டை இல்லை. வாக்கு இல்லை.

பிள்ளையைப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்க்கப் பலர் ஒரு வழி கண்டார்கள். இந்தியர் ஒருவரின் பெயரைத் தகப்பன் பெயராக எழுதிக் கொடுத்தார்கள். பிரசவத்துக்குப் போன பெண்கள் வேறொருவர் பெயரைக் கணவர் பெயராகச் சொன்னார்கள். பெற்ற தகப்பனின் பெயரைப் பிள்ளையின் சான்றிதழில் எழுத முடியாத துயரம் அது.

தீர்வு வந்த விதம்

1958இல் இந்தியாவும் பாகிஸ்தானும் நிலத்துண்டுகளை மாற்றிக்கொள்ளப் பேசின. நாட்டின் நிலத்தைக் கொடுப்பதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று 1960இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1974இல் இந்திரா காந்தியும் ஷேக் முஜிபுர் ரகுமானும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆனால் சட்டத்திருத்தம் நடக்கவில்லை.

ஏன் இவ்வளவு தாமதம்? கணக்கைப் பார்த்தால் புரியும். இந்தியா கொடுக்க வேண்டிய நிலம் சுமார் 17,160 ஏக்கர். பெறும் நிலம் சுமார் 7,110 ஏக்கர். நமக்கு நிலம் குறைகிறதே என்று பலர் எதிர்த்தார்கள். கொடுக்கும் நிலத்துக்குள் இந்தியாவால் போகவே முடியவில்லை என்பது மறுபக்கத்து உண்மை.

2011இல் இரு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். இரு பக்கமும் சேர்த்து 51,000க்கும் அதிகமானோர் சிட்மகால்களில் வாழ்வது தெரிந்தது. 2015 மே மாதம் நாடாளுமன்றம் 100ஆவது அரசியல் சட்டத்திருத்தத்தை ஒருமனதாக நிறைவேற்றியது.

2015 ஜூலை 31 நள்ளிரவில் நிலங்கள் கை மாறின. எந்த நாடு வேண்டும் என்று மக்களே தேர்ந்தெடுத்தார்கள். இந்தியாவுக்குள் இருந்த 14,000க்கும் அதிகமானோர் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். வங்கதேசத்துக்குள் இருந்தவர்களில் ஆயிரத்துக்கும் குறைவானவர்களே இந்தியாவுக்கு வந்தார்கள். மற்றவர்கள் பிறந்த மண்ணிலேயே தங்கி அந்த நாட்டுக் குடிமக்கள் ஆனார்கள்.

அதற்குப் பிறகு

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் சில ஆண்டுகள் தகர வீட்டு முகாம்களில் இருந்தார்கள். உழுத நிலத்துக்குப் பட்டா இல்லாமல் பலர் தவித்தார்கள். அவர்களுக்கு நில உரிமை வழங்க 2018இல் மேற்கு வங்காளச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது.

ஆனால் 2016 சட்டமன்றத் தேர்தலில் ஒரு மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. முன்பு சிட்மகால்களாக இருந்த ஊர்களின் மக்கள் வாக்குச்சாவடியில் வரிசையாக நின்றார்கள். அவர்களில் தலை நரைத்த முதியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் அதுதான் முதல் வாக்கு.

வாக்காளர் அட்டை ஒரு சிறிய அட்டைதான். குடும்ப அட்டையும் பட்டாவும் வெறும் காகிதம்தான். அவை இல்லாமல் 68 ஆண்டுகள் வாழ்ந்த கூச் பெகார் மக்களுக்கு அவற்றின் அருமை தெரியும். இன்று அங்கே பள்ளியில் சேரும் பிள்ளை தன் சொந்தத் தகப்பனின் பெயரையே எழுதுகிறது.