இலையைக் காட்டினால் ‘ஆ’ என்று சொல்லும் குழந்தை

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்து அருந்ததியர் குடியிருப்புகளில் பல வீடுகளில் தெலுங்குதான் பேச்சுமொழி. சில ஊர்களில் கன்னடம். தமிழ் மட்டுமே பேசும் குடும்பங்களும் உண்டு. தெலுங்கு பேசும் வீட்டிலிருந்து ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்புக்கு வரும் குழந்தைக்கு அங்கே என்ன நேர்கிறது என்பது பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

படத்தைக் காட்டி, அதன் பெயரைச் சொல்லி, முதல் ஒலியைப் பிரித்து எழுத்தைக் காட்டுவது நம் பள்ளிகளின் பழைய முறை. ‘அ’வுக்கு அம்மா. இதில் சிக்கல் இல்லை, தெலுங்கிலும் அம்மாதான். ‘ஆ’வுக்கு ஆடு. வீட்டில் ஆட்டுக்குப் பெயர் ‘மேக’. ‘இ’க்கு இலை. வீட்டில் அது ‘ஆக்கு’. இலையின் படத்தைக் காட்டி முதல் எழுத்தைக் கேட்டால் அந்தக் குழந்தை ‘ஆ’ என்கிறது. சொல்லின் முதல் ஒலியைச் சரியாகப் பிரித்துத்தான் சொல்கிறது. எழுத்தறிவுக்கு வேண்டிய அடிப்படைத் திறன் அதனிடம் இருக்கிறது. ஆனால் வகுப்பில் அது தவறான விடை. இப்படி நாலைந்து முறை நடந்தால் குழந்தை வாய் திறப்பதை நிறுத்திவிடும். அப்புறம் அதற்கு ‘மந்தம்’ என்று பெயர். பக்கத்துத் தெருப் பிள்ளை ஏற்கெனவே தெரிந்த சொற்களுக்கு எழுத்து கற்கிறது. இந்தப் பிள்ளை சொல்லையும் எழுத்தையும் ஒரே நேரத்தில் கற்க வேண்டியிருக்கிறது.

‘காலனிப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது’ என்ற பேச்சு இங்கேதான் பலம் பெறுகிறது. சாதியைச் சொல்லிப் பேசத் தயங்குபவர்கள்கூட ‘மந்தம்’ என்று சொல்லத் தயங்குவதில்லை.

அதற்காகத் தெலுங்கு வழிப் பள்ளியை யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டுப் பேச்சு ஆந்திரப் பாடநூலின் தெலுங்கு அல்ல. பேசுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அதன் எழுத்தும் தெரியாது. பிழைப்பும் படிப்பும் தமிழில்தான். ஆனால் தமிழுக்குள் நுழைய ஒரு படி வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 29ஆவது பிரிவு, இயன்றவரை குழந்தையின் தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது. ஒன்றாம் வகுப்பின் முதல் சில மாதங்களில் வீட்டுச் சொல்லுக்கு இடம் கொடுத்தாலே அந்த வரிக்குப் பொருள் கிடைத்துவிடும்.

அது பெரிய வேலையும் அல்ல. பாலுக்கு ‘பாலு’, பல்லுக்கு ‘பல்லு’, எலிக்கு ‘எலுக’, ஊஞ்சலுக்கு ‘ஊயல’ என இரண்டு மொழிக்கும் முதல் ஒலி ஒன்றாக இருக்கும் சொற்கள் நிறைய உண்டு. எழுத்தை அவற்றிலிருந்து தொடங்கலாம். அங்கன்வாடியிலேயே தமிழ்ப் பாட்டும் கதையும் காதில் விழுந்திருந்தால் பாதிச் சிரமம் குறையும். ஐம்பது, அறுபது வீட்டுச் சொற்களைத் தெரிந்துகொள்ள ஆசிரியருக்கு ஒரு வாரம் போதும். சொல்லிக்கொடுக்கப் பிள்ளைகளே இருக்கிறார்கள், ஆசையாகச் சொல்வார்கள்.

2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் எனப் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி பிரித்துக் கற்பிக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். வாசிக்க வாசிக்கப் பிள்ளை அடுத்த நிலைக்கு ஏற வேண்டும் என்பதே அதன் நோக்கம். மூன்றாம் வகுப்பிலும் அரும்பு வரிசையில் ஒரே தெருப் பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்திருந்தால், அது கற்றல் நிலையா, பழைய ஊர்–சேரிப் பிரிவா என்று கேட்டே ஆக வேண்டும்.

கேட்க வேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட பிரிவினரின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கேற்ற இடம் உண்டு என்று சட்டத்தின் 21ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் விடியும் முன்பே தூய்மைப் பணிக்குப் போகும் தாய், வேலை நாளில் நடக்கும் கூட்டத்துக்கு எப்படி வருவார்? அரை நாள் கூலி போய்விடும். கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வைக்கலாம், குடியிருப்பிலேயே கூடலாம். இதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை.

அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு 2009இல் சட்டமானது. பட்டியலினத்துக்குள் உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வும் சொல்லிவிட்டது. கல்லூரி வாசலில் அந்த இடம் காத்திருக்கிறது. அங்கே போக வேண்டிய பிள்ளை இன்று ஒன்றாம் வகுப்பில் இலைப் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. இந்த மாதக் குழுக் கூட்டத்துக்குப் போகிறவர்கள், நம் பிள்ளைகள் எந்த நிலையில் இருக்கிறார்கள், எத்தனை மாதமாக அதே நிலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதிலைக் கூட்டப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். படிக்கத் தெரிந்த அக்காவோ அண்ணனோ வீட்டில் இருந்தால், ‘ஆக்கு’ என்பதற்குப் பக்கத்தில் ‘இலை’ என்று தமிழில் எழுதி இன்றைக்கே சுவரில் ஒட்டலாம்.